எந்தப் போர்த்துக்கேயம்?

ஒரு புதிய மொழியைக் கற்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, அம்மொழி எளிதோ கடினமோ என்பதன்று. அதன் எந்த வழக்கைக் கற்பது என்பதேயாகும். ஸ்பானிய மொழியைக் கற்க விரும்புவோர், ஸ்பெயின் நாட்டு வழக்கைத் தேர்வதா, மெக்சிக்கோ நாட்டு வழக்கைத் தேர்வதா, ஆர்ஜென்டீனாவின் வழக்கைத் தேர்வதா என்று தயங்குகின்றனர். தமிழ் கற்க வரும் பிறநாட்டாரும் யாழ்ப்பாணத்துப் பேச்சா, மதுரைப் பேச்சா, மட்டக்களப்புப் பேச்சா என்று வினவுகின்றனர். இவ்வினா ஏட்டளவில் எழுந்த வினாவன்று. ஈழத்தின் கீழ்க்கரையிலே, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாலையூற்று முதலிய இடங்களில் வாழும் பறங்கிக் குடும்பங்களுக்கு இது வீட்டு வாயிலில் வந்து நின்ற வினா. அங்கே அது ஸ்பானியத்தின் உடன்பிறந்த மொழியாகிய போர்த்துக்கேயத்தைப் பற்றியதாக எழுந்தது. லிஸ்பன் நகரத்துப் போர்த்துக்கேயத்தைக் கற்பதா? பாட்டியின் வாயிலிருந்து கேட்ட போர்த்துக்கேயத்தைக் கற்பதா?

இவ்வினாவின் வேரை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும். கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களையும் கொண்டு 1624ஆம் ஆண்டளவிலே திருகோணமலையில் ஒரு கோட்டையைக் கட்டினர். கட்டுவித்தவன் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா. அக்காலத்தில் போர்த்துக்கல் நாட்டுக்கெனத் தனியரசன் இல்லை என்பது பலரும் நினைவிற் கொள்ளாத செய்தி. 1580 முதல் 1640 வரை ஸ்பெயின் மன்னரே போர்த்துக்கலுக்கும் மன்னராக இருந்தார். ஆகவே திருகோணமலைக் கோட்டை எழுந்தபோது அதன் முடியுரிமை மத்ரித் நகரில் வீற்றிருந்த நான்காம் பிலிப்பு மன்னருக்கே உரியதாயிருந்தது. எனினும் கீழைநாட்டு ஆட்சி முழுவதும் போர்த்துக்கேயர் கையிலேயே விடப்பட்டிருந்தமையால், மத்ரித் அரசரின் மொழி இத்துறையில் வேரூன்றவில்லை. மாலுமியும் போர்வீரனும் வணிகனும் பேசிய போர்த்துக்கேயமே கரையேறியது. அரசு எங்கே இருக்கிறது என்பதை நோக்கி மொழி பரவுவதில்லை. யார் யாரோடு பேசுகின்றனர் என்பதை நோக்கியே பரவுகிறது. திருகோணமலையின் வரலாறு தரும் முதற்பாடம் இதுவே.

அக்கோட்டையிற் போர்த்துக்கேயரின் ஆட்சி பதினைந்து ஆண்டுகளே நிலைத்தது. 1639ஆம் ஆண்டில் ஒல்லாந்தர், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதனைக் கைப்பற்றினர். 1658ஆம் ஆண்டுக்குள் இலங்கையின் கரையோரம் முழுவதிலும் போர்த்துக்கேயரின் ஆட்சி முடிவுற்றது. ஆட்சி போயிற்று, மொழியோ போகவில்லை. ஒல்லாந்தர் அதனை ஒழிக்க முயன்றனர். 1659ஆம் ஆண்டில், ஒல்லாந்து மொழி பேசத் தெரியாத அடிமைகளின் தலையை மழித்துவிடவேண்டும் என்றுகூட ஆணை பிறந்தது. ஆயினும் ஆணை பிறப்பித்தவர்களின் இல்லங்களிலேயே அவ்வாணை தோற்றது. ஒல்லாந்து அலுவலர் பலர் மணந்த பெண்கள் போர்த்துக்கேயக் கலப்புக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குழந்தையைத் தாலாட்டிய செவிலியும் அடுக்களையில் நின்ற பணிப்பெண்ணும் அம்மொழியையே பேசினர். ஒரு தலைமுறைக்குள் ஒல்லாந்தரின் பிள்ளைகளே போர்த்துக்கேயம் பேசி வளர்ந்தனர். முடிவில் ஒல்லாந்தரின் திருச்சபையும் அம்மொழியிலே வழிபாடு நடத்தவேண்டியதாயிற்று.

ஆனால் அவ்வீடுகளில் வளர்ந்தது லிஸ்பன் மாநகரத்துப் போர்த்துக்கேயமன்று. தமிழும் சிங்களமும் சூழ்ந்த மண்ணிலே, அம்மொழிகளைப் பேசுவோரின் வாயிலே புகுந்து, புதிய உருக்கொண்ட மொழி அது. இவ்வாறு இரு மக்கட்கூட்டம் கலக்குமிடத்தே பிறந்து, தாய்மொழியாக நிலைபெறும் மொழியை அறிஞர் கிரியோல் மொழி என்பர்.

பிரித்தானியர் 1795ஆம் ஆண்டில் திருகோணமலையைக் கைப்பற்றிய பின்னர், ‘எந்தப் போர்த்துக்கேயம்’ என்னும் வினா அச்சு நூல்களிலும் புகுந்தது. 1811ஆம் ஆண்டிலே பெரெஞ்சர் என்பார் கொழும்பில் ஓர் இலக்கணக் கைந்நூலை வெளியிட்டார். அதன் தலைப்பே, இந்தியாவிற் பேசப்படும் ‘சிதைந்த’ போர்த்துக்கேயத்தைக் கற்கும் முறை என்று கூறியது. கற்கவேண்டிய மொழி என்றும் அதனை ஒப்புக்கொண்டனர். சிதைந்த மொழி என்றும் அதனை இகழ்ந்தனர். 1814ஆம் ஆண்டில் வந்திறங்கிய வெஸ்லியன் சபைப் பாதிரிமார் இவ்விருமனப்பாட்டை நேரிற் கண்டனர். லிஸ்பன் வழக்கிலே பிரசங்கம் செய்தால் அது மாண்புடையதாக இருக்கும். ஆனால் கேட்போருக்கு விளங்காது. மக்கள் வழக்கிலே பேசினால் விளங்கும். ஆனால் ஐரோப்பியக் கல்வியாளர் நகைப்பர். பாதிரிமார் மக்கள் வழக்கையே தேர்ந்தனர். 1819ஆம் ஆண்டிலே பாக்ஸ் பாதிரியார் இலங்கைப் போர்த்துக்கேயம், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிக்கும் ஓர் அகராதியை வெளியிட்டார். நியூஸ்டெட் பாதிரியாரின் மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாடும் அவ்வழக்கிலேயே 1826ஆம் ஆண்டில் கொழும்பில் அச்சேறியது. மேட்டிமையையும் விளக்கத்தையும் எடைபோட்டபோது விளக்கமே வென்றது.

இவ்வழக்கு உண்மையிற் சிதைந்ததுதானா? அதன் அமைப்பைச் சற்றே நோக்குவோம். லிஸ்பன் மொழியிலே வினைச்சொல், பேசுவோன் யார் என்பதற்கேற்பப் பல ஈறுகளைப் பெற்று மாறும். இலங்கை வழக்கிலோ வினைச்சொல் மாறாது நிற்கும். அதன் முன்னே ‘தா’ என்பது சேர்ந்தால் நிகழ்காலம், ‘ஜா’ என்பது சேர்ந்தால் இறந்தகாலம், ‘லோ’ என்பது சேர்ந்தால் எதிர்காலம். லிஸ்பன் மொழியிலே ‘பரா’ என்னும் சொல் பெயருக்கு முன்னே நின்று ‘ஒருவருக்கு’ என்ற பொருளைத் தரும். கீழ்க்கரையின் வழக்கிலே அச்சொல் குறுகிப் ‘ப’ என்றாகி, பெயருக்குப் பின்னே சென்று நிற்கிறது. நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ செய்யும் தொழிலை அப்படியே செய்கிறது. வினைச்சொல்லும் தமிழிற்போல வாக்கியத்தின் இறுதிக்கு வந்துவிட்டது. சொற்கள் போர்த்துக்கல் நாட்டிலிருந்து வந்தன. அவற்றைக் கோத்த நூல் பெரும்பாலும் கீழ்க்கரைத் தமிழிலிருந்து வந்தது. மட்டக்களப்பிலே 1970களில் ஆய்வு செய்த ஐயன் ஸ்மித் என்னும் மொழியியலறிஞர் இவ்வொற்றுமைகளை விரிவாக எடுத்துக்காட்டினார். விதியின்றிச் சிதைந்ததை ஆராய்ந்து விதி காண இயலாது. விதி காணமுடிந்ததே அது முழுமையான மொழி என்பதற்குச் சான்று.

பேச்சு இவ்வாறு தமிழிலிருந்து வாங்கியதற்கு ஈடாகப் போர்த்துக்கேயமும் தமிழுக்கு வழங்கியது. ஈழத்தமிழர் அமரும் கதிரை, உண்ணும் பாண், அணியும் சப்பாத்து, ஆடை வைக்கும் அலுமாரி, திறக்கும் சாவி, யாவும் அம்மொழியின் கொடை. சாவி என்னும் சொல்லிலே வேறொரு செய்தியும் உண்டு. இன்றைய லிஸ்பன் நகரில் அச்சொல்லின் முதலெழுத்து ‘ஷ’ என ஒலிக்கும். பழங்காலப் போர்த்துக்கேயத்திலோ அது ‘பச்சை’ என்பதிலுள்ள ‘ச்ச’ போன்ற வல்லொலியாக இருந்தது. அவ்வொலி ஹிந்தியிலே ‘சாபி’ என்ற சொல்லின் முதலிலும், இலங்கைப் போர்த்துக்கேயத்திலும் நிலைத்திருக்கிறது. எனவே தாயகம் கைவிட்ட பழமையைத் திருகோணமலை காத்துவைத்தது என்று சொல்வதும் பொருந்தும். பழமையும் புதுமையும் எந்த ஓர் ஊருக்கும் தனியுரிமை அல்ல.

தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. தொல்காப்பியர், செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்துக்குப் புறத்தே வழங்கிய திசைச்சொல்லை அவர் விலக்கவில்லை. அதற்கு இலக்கணத்துள் இடம் வகுத்துக் கொடுத்தார்.

ஸ்பானிய மொழியின் வரலாறும் இவ்வழியே சென்றது. மொழியைக் காக்க 1713ஆம் ஆண்டிலே மத்ரித்தில் அரச கழகம் அமைந்தது. நெடுங்காலம் அதன் தீர்ப்பே முடிந்த முடிபாகக் கருதப்பட்டது. ஆனால் 1847ஆம் ஆண்டில், வெனிசுவேலாவிற் பிறந்து சிலி நாட்டில் வாழ்ந்த அந்திரேஸ் பெல்யோ என்பார், அமெரிக்க மக்களுக்கென்றே ஸ்பானிய இலக்கணம் ஒன்றை எழுதினார். 1951ஆம் ஆண்டில் பல நாட்டு மொழிக்கழகங்களும் மெக்சிக்கோவில் ஒன்றுகூடின. இன்று ஸ்பானியம் பேசுவோர் மிகுதியாக வாழும் நாடு ஸ்பெயின் அன்று, மெக்சிக்கோவே. பிலிப்பைன் நாட்டுச் சம்போவாங்கா நகரிலே, ஸ்பானியக் கோட்டையைச் சுற்றி வளர்ந்த சவக்கானோ என்னும் கிரியோல் மொழி, இலங்கைப் போர்த்துக்கேயத்துக்கு நேரான உவமையாகும். அதுவும் ஒருகாலத்திற் சிதைந்த ஸ்பானியம் என்று இகழப்பட்டது. 2012ஆம் ஆண்டில் அங்கே தொடக்க வகுப்புக்களிற் கற்பிக்கும் மொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

திருகோணமலையின் மொழிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. பறங்கியர் ஆங்கிலக் கல்வியை நாடினர். கீழ்க்கரையிலே அண்டை அயலோடு தமிழிற் பேசினர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் இலங்கைப் பறங்கியருட் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மட்டக்களப்பின் கடற்கரையோரத்துப் பறங்கிக் குடியிருப்பிற் பல உயிர்களைக் கவர்ந்தது. இன்று அம்மொழியை நன்கு பேசுவோர் பெரும்பாலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் முதியோரே. 2015ஆம் ஆண்டுக்குப் பின் லிஸ்பன் பல்கலைக்கழகத்து அறிஞர் கீழ்க்கரைக்கு வந்து, அம்முதியோரின் பேச்சையும் கபிரிஞ்ஞாப் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்தனர். திருத்தம் கற்பிக்கும் ஊர் என்று கருதப்பட்ட லிஸ்பனே, பாலையூற்றிடம் பாடங்கேட்க வந்தது.

ஆயின், இக்குடும்பத்துப் பிள்ளை எதைக் கற்பது? லிஸ்பன் வழக்கைக் கற்கச் சொல்வோரின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. இருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் பேசும் மொழியின் வாயில் அதனாலே திறக்கும். நூல்களும் தொழில்களும் கிட்டும். ஆயினும் அங்கும் அவ்வினா முடிவதில்லை. அவ்விருபது கோடியிற் பெரும்பாலோர் வாழ்வது பிரேசில் நாட்டிலே. அவர்கள் பேச்சு லிஸ்பன் பேச்சிலிருந்து வேறுபட்டது. சிறந்த வழக்கு எது என்ற வினாவுக்கு முடிவில்லை. யாரோடு பேசப்போகிறோம் என்ற வினாவுக்கே விடை உண்டு. பிரேசிலில் வணிகம் செய்யச் செல்வோன் பிரேசில் வழக்கைக் கற்கட்டும். மெக்சிக்கோவில் வாழச் செல்வோன் மெக்சிக்கோ வழக்கைக் கற்கட்டும்.

பாலையூற்றுப் பிள்ளைக்கு மட்டும் வேறொரு கணக்கும் உண்டு. லிஸ்பன் வழக்கைக் கற்பிக்க உலகெங்கும் ஆசிரியர் உளர். அதனை இன்று கற்கலாம், பத்தாண்டு கழித்தும் கற்கலாம். பாட்டியின் வழக்குக்கோ பாட்டியே ஆசிரியை. அவருக்குப் பின் அவ்வகுப்பு இல்லை. ஒலிப்பதிவுகள் ஒரு மொழியின் குரலைக் காக்கும். மறுமொழி கூற அவற்றால் இயலாது. ஆகவே இரண்டையும் கற்க விரும்பும் பிள்ளை, காத்திருக்க இயலாததை முன்னே கற்பதே முறை. லிஸ்பன் காத்திருக்கும்.