அரங்கின் நடுவே ஓர் ஆலயம்



ஸ்பெயின் தேசத்தின் கிழக்குக் கடற்கரையில் தாராகோனா என்னும் பழம்பெரும் பட்டணம் உள்ளது. ரோமர் காலத்தில் அது தாராகோ என்ற பெயருடன் ஒரு மாகாணத்தின் தலைநகராக விளங்கிற்று. ஸ்பானியாவுக்குப் போக வேண்டும் என்ற தமது வாஞ்சையைப் பவுல் அப்போஸ்தலன் ரோமர் 15ஆம் அதிகாரத்தில் இருமுறை எழுதியிருக்கிறார். அவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று வேதம் கூறவில்லை. ஆனால் அவர் அறிவித்த சுவிசேஷம் அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்று நீங்கள் அந்தப் பட்டணத்துக்குச் சென்றால், ரோமப் பேரரசரை வழிபட்ட கோவில் நின்ற மேட்டிலே, 1331ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயத்தைக் காண்பீர்கள். அங்கிருந்து இறங்கிவந்தால், கடலை நோக்கியபடி இரண்டாம் நூற்றாண்டின் நீள்வட்ட அரங்கம் இருக்கிறது. மனிதர் சாவதை மக்கள் வேடிக்கை பார்த்த இடம் அது.

கி.பி. 259, ஜனவரி 21. வலேரியன் பேரரசரின் கட்டளைப்படி, அந்தச் சபையின் பேராயர் ஃப்ருக்துவோசுஸ், அகூரியுஸ், யூலோஜியுஸ் என்னும் இரண்டு உதவிக்காரருடன் அரங்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். வழியில் அன்பர்கள் திராட்சரசம் கொடுத்தார்கள். அன்று உபவாச நாள். உபவாசம் முடிக்கும் வேளை இன்னும் வரவில்லை என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அரங்கின் வாசலில் பெலிக்ஸ் என்னும் சகோதரன் அவருடைய கையைப் பற்றி, தன்னை நினைத்தருளும்படி வேண்டிக்கொண்டான். கிழக்கு முதல் மேற்கு வரை பரவியிருக்கும் திருச்சபை முழுவதையும் தாம் நினைக்க வேண்டியிருக்கிறது என்று பேராயர் எல்லாரும் கேட்கும்படி பதிலளித்தார். பின்பு மூவரும் உயிரோடு எரிக்கப்பட்டனர்.

அந்தப் பதில் பெலிக்ஸுக்குக் கடுமையாகத் தோன்றியிருக்குமோ? பிற்காலத்தில் பரிசுத்த அகஸ்டின் அதை விளக்கிப் பிரசங்கித்தார். அவர் யாருக்காக ஜெபித்தாரோ அந்தச் சபையை விட்டு விலகாதே. அப்பொழுது அந்த ஜெபம் உனக்கும் உரியது என்பதே அவருடைய கருத்து.

ஆறாம் நூற்றாண்டில் அதே அரங்கத்தின் கற்களைக் கொண்டு, மணற்தரையின் நடுவே ஓர் ஆலயம் எழும்பிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதன்மேல் வேறோர் ஆலயம் கட்டப்பட்டது. காலம் மாறியபோது அந்த இடம் துறவிகளின் மடமாயிற்று, பின்பு சிறைச்சாலையாயிற்று. சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டு ஒரு பேராயர் மரித்த அதே மண்ணில், அவரது நினைவாக எழும்பிய ஆலயமே மற்றவர்களுக்குச் சிறையாயிற்று! இன்று அரங்கமும் இடிபாடு, ஆலயமும் இடிபாடு.

பிரியமானவர்களே, நம்முடைய ஆலயக் கட்டடத்தை நாம் நேசிப்பது நல்லது. ஆனால் கல் எதற்கும் பயன்படும், சிறைக்கும் பயன்படும். ஃப்ருக்துவோசுஸ் தமது சபைக்கு விட்டுச்சென்றது கட்டடம் அல்ல, ஒரு ஜெபம். நம்முடைய ஜெபமோ பல நாட்களில் நம் வீட்டுக் கதவோடு நின்றுவிடுகிறது. இந்த வாரம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொண்டபின், முழங்காலை விட்டு எழும்புமுன், கிழக்கு முதல் மேற்கு வரை சிறையிலும் பயத்திலும் இருக்கிற நம் சகோதரரை நினையுங்கள். நீங்கள் ஒருபோதும் காணாத யாரோ ஒருவர், அப்படியே உங்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.