சாமியாருக்குப் பட்டாளத்தில் என்ன வேலை?

போன மாதம் ராசிபுரம் போயிருந்தபோது, என்னோடு கருவூலத்தில் வேலை பார்த்த நண்பர் வீட்டுக்குப் போனேன். அவருடைய பேரன் பெங்களூரில் குருமடத்தில் படிக்கிறான். இன்னும் இரண்டு வருடத்தில் குருப்பட்டம். லீவில் வந்தவன், "பட்டம் வாங்கிச் சில வருடம் பங்கில் இருந்துவிட்டு, ஆயர் சம்மதித்தால் ராணுவத்தில் பாதிரியாராகச் சேரலாமென்று இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து நண்பரின் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்கண்ணா, நீங்க பிரெஞ்சு சாமியாருங்ககிட்டப் படிச்சவிங்க. சாமிக்குன்னு ஒருத்தனைக் குடுத்தோம். பட்டாளத்துக்கும் அவனேதானுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்களுக்கு வயதான பிரெஞ்சு சாமியார் ஒருவர் பாடம் எடுத்தார். ஒரு காலை லேசாக இழுத்து நடப்பார். 1914இல் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தவரைப் போருக்கு அழைத்துவிட்டார்கள். காயம்பட்டவர்களைத் தூக்குப் படுக்கையில் சுமப்பது அவர் வேலை. பட்டமே அதற்குப் பிறகுதான்.

பிரான்சில் குருமட மாணவர்களையும் ராணுவ சேவைக்கு அனுப்பும் சட்டம் 1889இல் வந்தது. "சாமியாரும் முதுகில் மூட்டை தூக்கட்டும்" என்பது அன்றைய அரசியல் கோஷம். 1905இல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இரண்டு வருடம் என்றாக்கினார்கள். முதல் உலகப் போரில் குருக்கள், துறவிகள், குருமாணவர்கள் என்று 30,000 பேருக்கு மேல் படையில் இருந்தார்கள். 4,600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியாவில் ஊழியம் செய்த பாரிஸ் மிஷன் குருக்கள் பலருக்கும் அழைப்பாணை வந்தது. நம் பக்கத்துக்கும் அந்த மிஷன் அந்நியமல்ல. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்த புருனியே, அந்த மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்தான்.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அழைப்பாணையில் போன குரு சட்டப்படி மற்றவர்களைப் போல ஒரு சிப்பாய். பலர் மருத்துவப் பிரிவில் இருந்தார்கள். துப்பாக்கி பிடித்தவர்களும் உண்டு. படைக்கென்று நியமிக்கப்படும் ஆன்மகுரு வேறு. அவருக்குப் பிரெஞ்சில் 'ஓமோனியே' என்று பெயர். அவர் ஆயுதம் எடுப்பதில்லை.

இரண்டையும் பார்த்த ஒருவரை நம் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1958இல் பாப்பரசரான 23ஆம் அருளப்பர். இத்தாலியில் ஏழை விவசாயிக் குடும்பம், பெயர் ஆஞ்சலோ ரொங்கால்லி. குருமடத்தில் படிக்கும்போதே 1901இல் ஒரு வருடம் சிப்பாயாக இருந்து சார்ஜண்ட் ஆனார். வயல் வேலைக்கு வேண்டியிருந்த தம்பியை விடுவிக்கத்தான் போனார் என்பார்கள். 1904இல் குருப்பட்டம். 1915இல் இத்தாலி போரில் இறங்கியதும் மறுபடி அழைப்பு. பெர்கமோ ராணுவ மருத்துவமனையில் முதலில் சார்ஜண்ட், 1916 முதல் ஆன்மகுரு. அந்த நாட்களில் மீசைகூட வைத்திருந்தார்! சாகக் கிடந்த பையன்களின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான் பிற்பாடு 1963இல், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, உலக சமாதானத்துக்காக ஒரு சுற்றுமடல் எழுதினார்.

நம் நாட்டில் கட்டாயம் கிடையாது. குருமடப் பையனை யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது. ராணுவத்தின் ஆள்சேர்ப்பு அறிவிப்பை வரி வரியாகப் படித்தேன். குமாஸ்தா புத்தி போகாதே. பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் எல்லோருக்கும் 'மதபோதகர்' என்று ஒரே பதவிதான். நாயிப் சுபேதார் தரத்தில் சேர்க்கிறார்கள். பாதிரியார் முறைப்படி பட்டம் பெற்றவராகவும், உள்ளூர் ஆயரின் அங்கீகரித்த பட்டியலில் உள்ளவராகவும் இருக்க வேண்டும். பல நாடுகளில் ராணுவத்துக்கென்றே தனி ஆயர் உண்டு; இந்தியாவில் இல்லை. ஆகவே பங்குகளுக்கே ஆள் பற்றாத நிலையில் ஆயர் மனது வைத்து ஒருவரை விட்டுக் கொடுத்தால்தான் உண்டு.

வேலை என்ன? வழிபாடு நடத்துவது, அடக்கத்தில் நிற்பது, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பது, தண்டனையில் இருக்கும் சிப்பாயைப் போய்ப் பார்ப்பது, வீரர்களின் பிள்ளைகளுக்குப் போதிப்பது. பல முகாம்களில் எல்லா மதத்துக்கும் ஒரே கூரையின்கீழ் 'சர்வ தர்ம ஸ்தல்' இருக்கிறது. "வீர மதராசி, அடி கொல்லு" என்று முழங்கிப் பாயும் மதராஸ் ரெஜிமென்டிலும் போதகர் வெறுங்கையோடுதான் நிற்பார். 1949 ஜெனிவா ஒப்பந்தம் அவரை மருத்துவரைப் போலக் காக்கச் சொல்கிறது. குண்டுக்குச் சட்டம் தெரியாது என்பதும் உண்மைதான். அதை நண்பரின் மனைவியிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

எங்கள் பிரெஞ்சு சாமியார் நவம்பர் 11ஆம் தேதி எங்களைக் கடற்கரையில் உள்ள போர் நினைவுச் சின்னத்துக்கு அழைத்துப் போவார். 1918இல் போர் ஓய்ந்த நாள் அது. புனித மார்ட்டின் திருநாளும் அன்றுதான். மார்ட்டின் நான்காம் நூற்றாண்டில் ரோமானியப் படையில் இருந்தவர். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். பிறகு படையை விட்டுத் துறவியானார், தூர் நகருக்கு ஆயரானார். அவருடைய போர்வை என்று ஒன்றைப் பிராங்கு மன்னர்கள் போருக்கு எடுத்துப் போவார்கள். அதைக் காத்த குருக்களுக்கு லத்தீனில் 'கப்பெல்லானி' என்று பெயர். ஆங்கில 'சாப்ளின்' அதிலிருந்து வந்தது. பிரெஞ்சு 'ஓமோனியே'க்கோ தர்மம் கொடுப்பவர் என்று பொருள். "வாள் எதற்குப் பயன்பட்டது பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டு, நினைவுச் சின்னத்தின் முன் வெகுநேரம் பேசாமல் நிற்பார். எங்களுக்குக் கால் வலிக்கும்.

போன வாரம் நண்பர் வீட்டுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "பட்டாளத்துக்கு அவனைக் கொடுப்பதாக நினைக்காதீங்கம்மா. வீட்டை விட்டு எங்கேயோ கிடக்கிற நாலு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆளை அனுப்புறீங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அங்கெல்லாம் ரொம்பக் குளிருமுங்களா அண்ணா?" என்று கேட்டார்.