திரும்புதல் என்ற சொல்

அந்நியமாதல் பற்றி நம் சிறு பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. நானும் எழுதியிருக்கிறேன். காஃப்காவையும் காம்யுவையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, விருதுநகரில் ஒரு வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வார்த்தை செளகரியமாகவே இருந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவரும் ஒரு பையனும் கணக்குத் தொடங்க வந்தார்கள். அதற்குப் பிறகு அதை எழுதக் கை கூசுகிறது.

கணக்கு பையனுக்கு. குல்லூர்சந்தை முகாமில் இருக்கிறான். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கும் வேலை. பெரியவர் தீப்பெட்டி ஆபீஸில் காலம் தள்ளி ஓய்ந்தவர். பிளாஸ்டிக் உறை ஒன்றிலிருந்து தம்முடைய பழைய பாஸ்போர்ட்டையும், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையையும் எடுத்து வைத்தார். அவை எனக்குத் தேவையில்லை. ஆனால் ஐம்பது வருஷமாக எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவற்றைக் கொண்டுபோய்ப் பழகியவர்.

படிவத்தில் பிரஜாவுரிமை என்ற கட்டம் வந்தது. "என்ன சார் போடணும்?" என்றான் பையன். நான் பதில் சொல்வதற்குள் பெரியவர் சொன்னார்: "இவன் என் கூடப்பொறந்தவன் பேரன், தம்பி. பொறந்தது இந்த விருதுநகர் ஆஸ்பத்திரியில, ரெண்டாயிரத்து ஆறுல. நான் பொறந்தது அட்டன் பக்கம் தோட்டத்து லயத்துல. நான் இந்தியன், இவன் சிலோன்காரன். இது என்ன கணக்கு?"

கவுன்ட்டரில் என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில். தாமதமாக வருகிறது.

பெரியவரின் தகப்பனார் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கங்காணியின் பின்னால் போனவர். 1948 நவம்பரில் அமுலுக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், அங்கே பிறந்தவனிடமும் ஒரு கேள்வி கேட்டது: உன் அப்பன் எங்கே பிறந்தான்? அவன் இலங்கையில் பிறக்கவில்லை என்றால், பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய்வழி கணக்கில் சேராது. லயத்துப் பிறப்புக்கே சான்றிதழ் இல்லாத ஜனங்களிடம் பூட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்பது சட்டத்தின் தர்க்கம். அது வம்சாவளி எழுதத் தெரிந்தவர்களின் தர்க்கம்.

1949ல் இன்னொரு சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பதிவு செய்துகொள்ளலாம். 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 வருஷமும் மணமாகாதவர் 10 வருஷமும் இடைவிடாமல் அங்கே வசித்திருக்க வேண்டும். மனைவியும் சின்னப் பிள்ளைகளும் அப்படியே இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். 'இடைவிடாமல்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது, அம்மன் கொடைக்கு ஊருக்கு வருவது, கிழவியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போவது - குடும்பம் என்பது இவைதாம். சட்டத்தின் பார்வையில் இவை இடைவெளிகள். ஊரில் கொஞ்சம் அதிகமாகத் தங்கிவிட்டால் நூல் அறுந்தது. சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. வழக்கு பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1953ல் அது, இந்தச் சட்டங்களில் பாரபட்சமில்லை என்று தீர்ப்பளித்தது.

மிஞ்சியவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் அவர்களைப் பங்கு போட்டார்கள். மொத்தம் 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974ல் இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். விகிதம் 7க்கு 4. ஏழு பேர் கப்பலேறினால் நாலு பேர் அங்கே பிரஜை. முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. போகும்போது ஏறிய துறை, வரும்போது இல்லை. தலைமன்னாரில் ஏறியவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

இறங்கியவர்களுக்கு அரசு ஒரு பெயர் வைத்தது: தாயகம் திரும்பியோர். கோப்பில் எழுதப்பட்ட இந்தச் சொற்சேர்க்கையை ஒரு விமர்சகனாக நான் வாசிக்க வேண்டியிருக்கிறது. திரும்புதல் என்றால் முன்பு அங்கே இருந்திருக்க வேண்டும். அட்டனில் பிறந்த இளைஞன் 1974ல் மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கியபோது, முதன்முறையாகச் சமவெளி வெயிலைப் பார்த்தான். தேயிலைக் கொழுந்து தெரிந்த கைக்குக் கந்தகம் பழக வேண்டியிருந்தது. கடன் கொடுத்தார்கள், நூற்பாலைகளிலும் நீலகிரித் தேயிலையிலும் வேலை கொடுத்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் 'வந்தவர்கள்' என்று எழுதியிருந்தால் பொறுப்பு ஏற்க வேண்டியிருக்கும். 'திரும்பியவர்கள்' என்று எழுதினால் ஏதோ இயற்கையாக நடந்ததுபோல ஆகிவிடுகிறது.

தம்பியின் கதை வேறு. அவரும் இந்தியாவுக்குத்தான் மனுப் போட்டார். முறை வரவில்லை. வவுனியாவுக்குப் போய்க் காட்டைத் திருத்திக் குடியேறினார். 1983 வந்தது. 1984ல் கப்பல் நின்றது. அதற்குள் சுமார் நாலரை லட்சம் பேர் ஒப்பந்தப்படி வந்திருந்தார்கள். 1990ல் தம்பி, ஐந்து வயது மகனோடு படகில் வந்தார். அண்ணன் வந்த அதே கடல், இறங்கியது அதே கரை, பதிவும் அதே மண்டபத்தில். கையில் பாஸ்போர்ட் இல்லை. எனவே அவர் தாயகம் திரும்பியவர் அல்லர், அகதி. மகன் வளர்ந்து முகாமிலேயே கட்டினான். அவன் பிள்ளைதான் என் கவுன்ட்டருக்கு வந்தவன்.

இந்தியச் சட்டமும் குடும்பத்தைத் தேதிகளால் அறுக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவன், பெற்றோர் யாராயினும் இந்தியன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இருவருமே பிரஜைகளாக இருக்க வேண்டும்; அல்லது ஒருவர் பிரஜையாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும். பையன் பிறந்தது 2006ல். தாயும் தகப்பனும் உரிய பத்திரமின்றிப் படகில் வந்த குழந்தைகள். பதிவு செய்துகொள்ளலாமே என்றால், சட்டவிரோதக் குடியேறிக்கு அந்தக் கதவும் இல்லை. 2019ன் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில மதத்தாருக்கு வழி திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. 2019ல் மதுரைக் கிளை, முகாம்களிலிருந்த மலையகத் தமிழரின் மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்கச் சொன்னது. 2022ல், 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை என்று சொல்லி, பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. தமிழக அரசு 2021ல் 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரைப் பத்திரமில்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. தண்டனை போயிற்று. பிரஜாவுரிமை வரவில்லை.

இலங்கையும் மாறியிருக்கிறது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கிருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் 2003ல் பிரஜாவுரிமை கொடுத்தது. போரால் இந்தியாவுக்கு ஓடியவர்களுக்கும் 2009ல் வழி செய்தது. ஆகவே நாளை யாராவது இந்தப் பையனை அனுப்பி வைத்தால், கோப்பில் அதே வார்த்தையைத்தான் எழுதுவார்கள்: தாயகம் திரும்பினான். பெரிய தாத்தா தான் பார்த்திராத இந்தியாவுக்குத் திரும்பினார். பேரன் தான் பார்த்திராத இலங்கைக்குத் திரும்புவான். இரண்டு கோப்புகளிலும் வினைச்சொல் ஒன்றே.

புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதினார். அங்கிருந்து வந்தவர்கள் நம் மாவட்டத்தில், குல்லூர்சந்தையில், கண்டியாபுரத்தில், அனுப்பன்குளத்தில் தலைமுறையாக இருக்கிறார்கள். நாமோ பாரிஸ் ஹோட்டல் அறைகளில் அந்நியனைத் தேடிக்கொண்டிருந்தோம். 1946ன் அந்நியர் சட்டம் 2025ல்தான் ரத்தாகி, வேறு பெயரில் புதுச்சட்டம் வந்தது. நமக்கு மனநிலையாக இருந்த வார்த்தை, முப்பது கிலோமீட்டருக்குள் ஒருவனுக்குச் சட்டப் பிரிவாக இருந்திருக்கிறது. அந்த வித்தியாசம் தெரியாமல் நான் எழுதிய கட்டுரைகளை இனி எடுத்துப் படிப்பேன் என்று தோன்றவில்லை.

அன்று கட்டத்தில் 'பிறர்' என்று குறித்தேன். வேறு வழியில்லை. கணக்கு தொடங்கியாயிற்று. பாஸ்புக்கை வாங்கிய பெரியவர் பெயரும் முகவரியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் தம்முடைய பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.