தலைநகரின் பஸ் போக்குவரத்தும் அரசாங்க மேற்பார்வையும்

குடிமக்களின் உயிரைக் காத்தல் அரசின் முதற் கடமை என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. அக்காலத்தில் கோட்டையும் அகழியும் அமைத்துக் காத்தனர். இக்காலத்திலோ பகைவரின் படைக்கலத்தால் மடிவோரைவிடச் சக்கரத்தின் கீழ் மடிவோரே மிகுதி. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் 1,68,491 பேர் உயிர் நீத்தனர் என்றும் மத்திய அரசாங்கத்தின் அறிக்கை கூறுகின்றது. நாளொன்றுக்கு நானூற்று அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களில் விளக்கணைந்தது என்பது இதன் பொருள். இத்துணைப் பெரிய இழப்பைத் தடுக்க அரசாங்கம் என்னென்ன செய்தது, எவ்வெப்பொழுது செய்தது, எதைச் செய்யாது விட்டது என்பதை நாம் வாழும் தலைநகரின் பஸ் போக்குவரத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கென்று முதன்முதலில் எழுந்த பொதுச் சட்டம் 1914-ஆம் ஆண்டினது. வண்டியைப் பதிவு செய்தல், ஓட்டுபவர் லைசென்ஸ் பெறுதல் ஆகியவற்றை அது வகுத்தது. முதல் உலகப் போருக்குப் பின் பஸ்கள் பெருகின. ரயில் பாதையை ஒட்டிய சாலைகளிலேயே அவை மிகுதியாக ஓடி, ரயில்வேயின் வருமானத்தைக் குறைக்கத் தொடங்கின. இதனை ஆராய்ந்து 1933-இல் மிட்செல், கர்க்னஸ் என்னும் இரு அதிகாரிகள் அறிக்கை தந்தனர். அதே ஆண்டில் சிம்லாவில் சாலை ரயில் மகாநாடும் கூடியது. இவற்றின் பின்னரே, பஸ் ஓட்டப் பெர்மிட் வேண்டும் என்று கண்டிப்புடன் கூறும் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் பிறந்தது. மூன்றாம் தரப்பினருக்குக் கட்டாய இன்ஷ்யூரன்ஸ் என்னும் ஏற்பாட்டையும் இச்சட்டமே கொணர்ந்தது. ஆகவே, பஸ்களின் மீது அரசாங்கத்தின் கண் ஊன்றப் பெற்றதற்கு உயிர்ச்சேதம் மட்டுமன்றி வருமானச் சேதமும் ஒரு காரணமாகும். ரயில்வேயில் குமாஸ்தாப் பணி புரியும் நாம் இதனைக் கூறுவதில் தயக்கம் கொள்ளவில்லை, வரலாறு வரலாறே.

இனித் தில்லியின் கதைக்கு வருவோம். 1908-ஆம் ஆண்டு முதல் பழைய தில்லியில் டிராம் வண்டிகள் ஓடின. 1963-இல் அவை மறைந்தன. பஸ்களையோ நாடு விடுதலை பெறும் வரையில் 'குவாலியர் அண்டு நார்தர்ன் இந்தியா டிரான்ஸ்போர்ட் கம்பெனி' என்னும் தனியார் ஸ்தாபனம் ஓட்டி வந்தது. பிரிவினையை அடுத்து அகதிகள் பல லட்சக் கணக்கில் தலைநகருக்கு வந்து குவிந்தனர். பெருகிய நகருக்கு அந்த ஏற்பாடு போதாது என்று கண்ட மத்திய அரசாங்கம், 1948-ஆம் ஆண்டு மே மாதத்தில் பஸ்களைத் தானே ஏற்று 'தில்லிப் போக்குவரத்து சர்வீஸ்' என்று பெயரிட்டது. பின்னர் 1950-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கார்ப்பரேஷன் சட்டத்தின்படி ஒரு தனி அதாரிட்டி அமைந்தது. 1958-இல் அது மாநகராட்சியின் கைக்கு மாறி 'டி.டி.யூ.' ஆயிற்று. நிர்வாகம் சீராக நடைபெறாமையால், 1971 நவம்பரில் மத்திய அரசாங்கமே மீண்டும் ஏற்றுக்கொண்டு, நாம் இன்றும் வழங்கும் 'டி.டி.சி.' என்னும் கார்ப்பரேஷனை நிறுவியது. 1996 ஆகஸ்டில் அது தில்லி மாநில அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் ஐந்து கைகள் மாறிய ஸ்தாபனம் இது.

இதே காலத்தில் நம் தாயகத்தில் நிகழ்ந்ததையும் ஒப்பு நோக்குதல் தகும். 1967-ஆம் ஆண்டை ஒட்டி நெடுந்தூர வழிகள் தேசியமயம் ஆக்கப்பட்டன. 1972-இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று தனித்தனிக் கார்ப்பரேஷன்கள் பிறந்தன. மூவேந்தர் பெயரும் பல்லவர் பெயரும் பஸ்ஸின் நெற்றியில் பொலிந்தன. விடுமுறைக்கு ஊர் சென்ற நம் குடும்பத்தினர் பலருக்கும் அவை நினைவிருக்கும்.

தில்லியிலோ 1992-ஆம் ஆண்டில் ஒரு புதிய திருப்பம் நேர்ந்தது. டி.டி.சி. பஸ்கள் போதாமையால், தனியார் பஸ்களுக்கு ஏராளமாகப் பெர்மிட்டுகள் வழங்கப்பட்டன. இவையே 'ரெட்லைன்' பஸ்கள். விபத்துக்கள் மிகுந்து மக்கள் கொதித்தெழுந்தபோது, நிறம் மாற்றி 'புளூலைன்' என்று பெயரிட்டனர். நிறம் மாறியதேயன்றிக் குணம் மாறவில்லை. அதற்குக் காரணம் ஓட்டுநரின் தீய குணம் என்று சொல்லி நாம் அமைந்துவிடலாகாது. அன்றாட டிக்கெட் வசூலே அப்பஸ்களின் வருமானம். முன் செல்லும் பஸ்ஸை முந்திச் சென்று அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் பயணிகளை ஏற்றினால்தான் வசூல். பின்தங்கினால் வெறும் பஸ்தான். இவ்வாறு வேகத்திற்குப் பரிசும் நிதானத்திற்குத் தண்டனையும் வைத்த ஏற்பாட்டில், எத்துணை நல்ல ஓட்டுநராயினும் என் செய்வார்? 2007-ஆம் ஆண்டில் புளூலைன் சாவுகள் பத்திரிகைகளை நிரப்பியபோது, அவற்றைப் படிப்படியாக விலக்கத் தீர்மானம் ஆயிற்று. 2011-இல் வந்த 'கிளஸ்டர்' முறையில், டிக்கெட் பணம் அரசாங்கத்தைச் சேரும். பஸ் முதலாளிக்கோ ஓடிய கிலோமீட்டர் கணக்கில் கூலி கிடைக்கும். பந்தயத்திற்கான காரணமே இவ்வாறு நீங்கியது. உபதேசத்தைக் காட்டிலும் கூலி கொடுக்கும் முறை ஒழுக்கத்தை விரைவில் மாற்றும் என்பதற்கு இது சான்று.

இடையே 1997-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாளை நாம் மறத்தற்கில்லை. அன்று காலை, லட்லோ காஸில் பள்ளியின் மாணவரை ஏற்றிச் சென்ற பஸ், வஜீராபாத் பாலத்திலிருந்து யமுனையில் வீழ்ந்தது. இருபத்தெட்டுக் குழந்தைகள் மாண்டனர். இரண்டே நாளில், நவம்பர் 20-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு பிறப்பித்தது. எம். ஸி. மேத்தா 1985-இல் தூய காற்று வேண்டித் தொடுத்த வழக்கிலேயே அவ்வுத்தரவு எழுந்தது என்பது கருதத் தக்கது. பஸ்களும் லாரிகளும் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது. நான்கு சக்கர வண்டிகளை முந்தலாகாது. பஸ்கள் குறித்த நிறுத்தங்களிலேயே நிற்றல் வேண்டும் என்பன அதன் கூறுகள். அடுத்த மாதம் பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 'பள்ளி பஸ்' என்று முன்னும் பின்னும் எழுதுதல், ஜன்னல்களுக்குக் கம்பி, முதலுதவிப் பெட்டி, தீயணைக்கும் கருவி, உறுதியான கதவுப் பூட்டு, ஐந்தாண்டு அனுபவமுள்ள ஓட்டுநர், உடன் செல்லும் உதவியாளர் ஆகிய அனைத்தும் அவ்விதிகளால் விளைந்தவை. இன்று நம் குழந்தைகள் ஏறும் பள்ளி பஸ்ஸில் காணும் ஒவ்வொரு ஜன்னற் கம்பியும் அந்த இருபத்தெட்டுப் பேரின் நினைவுச் சின்னம் என்று கொள்வது மிகையன்று.

ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. சட்டம் இருந்தது, இலாகா இருந்தது, போலீஸ் இருந்தது. இருந்தும் உயிர்கள் போன பின்னரே, அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே, விதிகள் பிறந்தமைக்குக் காரணம் யாது? விடையை நாம் பணி புரியும் துறையின் வரலாற்றிலேயே காணலாம்.

ரயில்வேயைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர்கள் ஒரு காலத்தில் ரயில்வே போர்டின் கீழேயே இருந்தனர். 1937-இல் பாட்னாவுக்கு அருகே பிஹ்டாவில் நிகழ்ந்த கோர விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் அமைந்த கமிட்டிக்குக் கர்னல் மவுண்ட் என்னும் ஆங்கிலேய நிபுணர் தலைமை வகித்தார். வண்டி ஓட்டும் ஸ்தாபனமே தன்னைத் தான் சோதித்துக் கொள்ளும் முறை பொருந்தாது என்பதை அக்கமிட்டி சுட்டிக் காட்டியது. 1941 மே மாதத்தில் இன்ஸ்பெக்டர்கள் ரயில்வே போர்டினின்றும் பிரிக்கப்பட்டு, தபால், விமானப் போக்குவரத்து இலாகாவின் கீழ் வைக்கப்பட்டனர். இன்றும் ரயில்வேப் பாதுகாப்புக் கமிஷன் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழேயே உள்ளது. பெரும் விபத்து நேர்ந்தால் விசாரிப்பவர் ரயில்வேயின் ஊழியர் அல்லர். புதிய பாதையில் பயணிகள் வண்டி ஓடவும் அவரது ஒப்புதல் வேண்டும். நம் காலனிக்கு அருகில் ஐ.என்.ஏ. நிலையத்தில் 2010 முதல் ஓடும் மெட்ரோவுக்கும் இத்தகைய ஒப்புதல் பெறப்பட்டதுண்டு.

1956 நவம்பர் 23-ஆம் நாள் அரியலூரில் வெள்ளத்தால் பாலம் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததையும், பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்ததையும் தமிழர் அனைவரும் அறிவர். அப்பெருந்தகையின் செயல் போற்றற்குரியது. ஆனால், பெருந்தகைமை எல்லா நாளும் எல்லா இடத்தும் வாய்ப்பதன்று. அது வாயாத நாளிலும் தானே இயங்கும் ஏற்பாடே மேற்பார்வை எனப்படுவது. சாலையிலோ அத்தகைய ஏற்பாடு இல்லை. ஒரு ரயில் கவிழ்ந்தால் தண்டவாளம், கைகாட்டி, சக்கரம் ஆகிய அனைத்தையும் ஆராய்வர். ஒரு பஸ் மோதினால் ஓட்டுநரைக் கைது செய்வதோடு பெரும்பாலும் காரியம் முடிகின்றது. சாலையின் வளைவு சரியா, பிரேக் சரியா, ஓட்டுநர் எத்தனை மணி நேரம் உறங்காது ஓட்டினார் என்று கேட்போர் அரியர்.

இக்குறையைப் போக்க முயன்றவருள் ஒரு தமிழரும் உளர் என்பது நமக்குப் பெருமை. விபத்தில் எலும்பு முறிந்தோர்க்குச் சிகிச்சை புரியும் கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்பு வேண்டிச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 2014-இல் ஜஸ்டிஸ் கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து, மாநில அரசாங்கங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வண்டிச் சட்டம், சாலையைப் பிழைபட அமைத்தவர்க்கும் அபராதம் விதித்தது; தேசியச் சாலைப் பாதுகாப்பு போர்டு ஒன்றையும் வகுத்தது. ஆனால் அந்த போர்டு ஆலோசனை கூறும் அமைப்பேயாகும். ரயில்வேக் கமிஷனைப் போல் விபத்துத்தோறும் சென்று ஆராயும் அமைப்பு அன்று.

அயல்நாட்டு அனுபவம் ஒன்றையும் குறிப்பிடுவோம். வஜீராபாத் விபத்து நிகழ்ந்த அதே 1997-இல், ஸ்வீடன் நாட்டுப் பார்லிமெண்டு, சாலையில் ஒருவரும் சாகலாகாது என்பதையே கொள்கையாக ஏற்றது. மனிதன் தவறு செய்வான்; அத்தவறு அவன் உயிரைக் கொள்ளாதவாறு சாலையையும் வண்டியையும் அமைப்பது அரசின் பொறுப்பு என்பதே அதன் சாரம். ஓர் இழப்பிற்குப் பின் விதி செய்வது ஒரு வழி. இழப்பிற்கு முன்பே கொள்கை வகுப்பது மற்றொரு வழி.

இவையெல்லாம் லக்ஷ்மிபாய் நகரில் வாழும் நமக்கு எவ்வாறு பொருந்தும் என்று சிலர் வினவலாம். 2022-இல் சாலையில் இறந்தோரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றோர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். பஸ்ஸினுள் இருந்து இறந்தோர் மிகச் சிறு பங்கினரே. ஆதலின் நல்ல பஸ் சர்வீஸே ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகும். பஸ் வாராத வழியில் தந்தை ஸ்கூட்டர் வாங்குகிறார். மகன் அதனை லைசென்ஸ் இன்றி எடுக்கிறான். மைனர் வண்டி ஓட்டி விபத்து நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்பதை இல்லத்தரசிகளும் அறிந்து வைத்தல் நலம்.

மேற்பார்வை என்பது அரசாங்க அலுவலகத்தில் மட்டும் நிகழ்வதன்று. நம் குழந்தைகள் செல்லும் பள்ளி பஸ்ஸில் விதிப்படி உதவியாளர் இருக்கிறாரா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இயங்குகிறதா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அவரவர் தனியே கேட்பதைவிடச் சங்கத்தின் வாயிலாகக் கேட்பின் குரல் வலுப்பெறும். காலனியின் பெற்றோர் நால்வர் கொண்ட ஒரு சிறு குழுவை அமைத்து, ஆண்டுக்கு இருமுறை பள்ளி பஸ்களைப் பார்வையிடவும், குறை கண்டால் போக்குவரத்து இலாகாவுக்கு எழுதவும் சங்கம் இவ்வாண்டே ஏற்பாடு செய்யுமாயின், அது முத்தமிழ் வளர்ப்பதனோடு ஒக்க மதிக்கத் தக்க தொண்டாகும். தமிழ் வாழ வேண்டுமாயின், தமிழ் பேசும் குழந்தைகள் மாலையில் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.