தள்ளப்பட்ட ஆய்வேடு

இறப்பை எதிர்நோக்கும் மனிதனுக்கு இருத்தல் என்பது யாது? இவ்வினாவினின்று பிறந்ததே இருத்தலியல். 1934-இல் கார்ல் ராணர் என்னும் இயேசு சபைக் குரு, ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் ஹைடெக்கரின் வகுப்பில் அதனைக் கற்றார். அவ்வினாவோடு 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாசை ஆராய்ந்து ஏடு எழுதினார். மேற்பார்த்த பேராசிரியர் ஹோனெக்கர் அதனை ஏற்றாரில்லை. 1939-இல் அது நூலாயிற்று. 1950-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதரின் சுற்றுமடல் இருத்தலியலைக் கண்டித்தது. 1962-இல் ராணரின் எழுத்துகளுக்கு ரோமாபுரி முன்தணிக்கை விதித்தது. எனினும், அவ்வாண்டிலேயே அவர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறையியல் வல்லுநராகவும் நியமிக்கப்பெற்றார். 1965-இல் இன்றைய உலகைக் குறித்து அச்சங்கம் வெளியிட்ட ஏடு, மனிதனின் அச்சத்தையும் இறப்பென்னும் புதிரையும் பேசிற்று. கண்டிக்கப்பட்ட வினாவுக்கே திருச்சபை செவிசாய்த்தது. கேள்வி கேட்பது விசுவாசத்துக்குப் பகையன்று என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது.