ஐந்து ஊர்க் கணினிகளுக்கு ஒரே கணக்கு

டெல்லியில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்த்துவர, அந்தக் காலத்தில் நாம் பட்ட பாடு நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. சென்னை வரை ஒரு ரிசர்வேஷன், அங்கிருந்து இன்னொன்று. திரும்பி வருவதற்குத் தந்தி போக வேண்டும். பதில் வரும்வரை இடம் நிச்சயமில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் தனி லெட்ஜர். அது இருக்கும் ஊரில்தான் பெயரெழுத முடியும்.

1985-86இல் டெல்லியில் கணினி முன்பதிவு வந்தது. பிறகு மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஊர்களுக்கும் வந்தது. ஆனால் ஐந்தும் தனித்தனிக் குடித்தனம். ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாது.

இவற்றைச் சேர்த்து வைக்க, ரயில்வேயின் 'கிரிஸ்' நிறுவனம் 'கான்சர்ட்' என்ற மென்பொருளை எழுதியது. 1994இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999 ஏப்ரலில் ஐந்து ஊர்களும் இணைந்தன. கான்சர்ட் என்றால் கச்சேரி. நம் பக்கத்துப் பழைய வழக்கில் கச்சேரி என்றால் அரசு அலுவலகமும்தான்! நான் படித்த பிரெஞ்சில் 'து கோன்சேர்' என்றால் பலர் கலந்து, ஒருமித்துச் செய்வது. மூன்று பொருளும் இதற்குப் பொருந்தும்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒரே படுக்கையை ஒரே நொடியில் சென்னையில் ஒருவரும் மும்பையில் ஒருவரும் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? ஐந்து கணினியும் ஆளுக்கொரு கணக்கு எழுதினால் வண்டியில் அடிதடிதான். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கணினியே பொறுப்பு. டெல்லிக் கணினியின் பொறுப்பில் உள்ள வண்டிக்கு நாம் செங்கோட்டை கவுண்டரில் மனுப் போட்டாலும், சென்னைக் கணினி தானாக முடிவெடுக்காது. டெல்லியைக் கேட்கும், அது இடம் ஒதுக்கிப் பதில் அனுப்பிய பிறகே டிக்கெட் அச்சாகும். தந்தி செய்த அதே வேலைதான், நாள்கணக்கு நொடிக்கணக்காகிவிட்டது.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது எளிதில் புரியும். நகல் எத்தனை இருந்தாலும் மூலக்கோப்பு ஒன்றுதான். அதில் எழுத ஒருவருக்கே அதிகாரம்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய கணினியில் வைத்திருந்தால், அது படுத்தால் நாடே நிற்கும். பிரித்து வைத்ததால் ஓர் ஊரில் பழுது என்றாலும் மற்ற ஊர்களின் வண்டிகளுக்கு டிக்கெட் கிடைக்கும்.

2002இல் இணையத்தில் டிக்கெட் எடுக்கும் வசதி வந்தபோது, அதற்குப் பின்னால் இருந்ததும் இந்த இணைப்புதான். இன்று பேரப்பிள்ளைகள் பொதிகைக்கு வீட்டிலிருந்தே இடம் பிடிக்கிறார்கள். தலைநகரத்துச் செங்கோட்டைக்காரருக்கும் நம் செங்கோட்டைக்காரருக்கும் இப்போது ஒரே வரிசை.