காகிதச் சுருளும் கண்ணாடித் திரையும்: கணனிக் கொன்சோலின் வரலாற்றில் ஓர் இழப்பு

கணனியின் வரலாற்றை எழுதுவோர் அதன் வேகம் பெருகியதையும் உருவம் சுருங்கியதையுமே பெரும்பாலும் எடுத்துரைப்பர். பழையதன் இடத்தைப் புதியது பெற்றபோது எவை கைவிடப்பட்டன என்னும் வினா அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுகின்றது. கணனியை நேரடியாக இயக்குபவர் அமரும் இடமாகிய கொன்சோலை முன்வைத்து அவ்வினாவை ஈண்டு ஆராயலாம். கணனி தன் நிலை பற்றிக் கூறும் செய்திகள் வந்துசேரும் இடம் அது. அது பழுதுற்று நிற்கும்போது அதன் இறுதிச் சொற்கள் வெளிப்படும் இடமும் அதுவே.

1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்ரம்/360 வரிசையின் கொன்சோல் ஒரு தட்டச்சுப்பொறியாகும். சிறு கணனிகளில் 1963இல் வெளிவந்த ரெலிரைப் மொடல் 33 பெருவழக்குப் பெற்றது. தந்திச் செய்திகளுக்கென வளர்ந்த பொறிகளின் வழிவந்த இது, செக்கனுக்குப் பத்து எழுத்துக்களை மட்டுமே அச்சிட்டது. எழுபத்திரண்டு எழுத்துக்கள் கொண்ட ஒரு வரி நிறைய ஏழு செக்கன்களுக்கு மேல் ஆகும். இரைச்சல் மிகுந்த பொறி. சிறிய ஆங்கில எழுத்துக்களை அச்சிடவும் அதனால் இயலாது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் இயக்க முறைமை இத்தகைய பொறிகளின் முன்னிருந்தே உருப்பெற்றது. அதன் பழைய பதிப்பாசிரியர் கருவியான ‘எட்’ என்னும் மென்பொருள், பயனர் தவறிழைத்தால் ஒரு வினாக்குறியை மட்டும் அச்சிட்டு அமைந்துவிடும். அச்சிடும் ஒவ்வோர் எழுத்துக்கும் நேரம் செலவான சூழலில் அச்சிக்கனம் பொருத்தமானதே.

இப்பொறியிடம் எவரும் அக்காலத்தில் தனிச்சிறப்பாகக் கருதாத இயல்பொன்று இருந்தது. அச்சானது அழியாது. தட்டிய எழுத்தைத் திரும்பப் பெற வழியில்லாமையால், அதனை நீக்கியதாகக் கொள்க என்று கணனிக்கு உணர்த்தத் தனிக்குறியொன்றைத் தட்டினர். பிழையும் திருத்தமும் தாளில் அருகருகே நின்றன. இயக்குபவர் இட்ட கட்டளை, கணனி அளித்த விடை, பின்னர் நேர்ந்த பழுது ஆகிய யாவும் நிகழ்ந்த ஒழுங்கிலேயே காகிதச் சுருளில் பதிந்தன. வரலாற்று மாணவர் இதனை மூலச்சான்று என்பர். அச்சான்று கணனிக்கு வெளியே இருந்தது என்பதே இங்கு முதன்மையானது. கணனி முற்றாகச் செயலிழந்தாலும் காகிதம் மேசைமேற் கிடக்கும்.

1970களில் திரைமுனையங்கள் பரவின. 1978இல் வெளிவந்த டிஜிற்றல் நிறுவனத்தின் வி.ரி. 100 எண்பது எழுத்து அகலமும் இருபத்துநான்கு வரி உயரமும் கொண்ட திரையுடையது. ஓசையில்லை, காகிதச் செலவில்லை, வேகம் பன்மடங்கு. 1976இல் பில் ஜோய் எழுதத் தொடங்கிய ‘வி.ஐ.’ போன்ற முழுத்திரைப் பதிப்பாசிரியர் கருவிகள் காகிதத்தில் நினைத்தும் பார்க்க இயலாதவை. எனினும் இருபத்தைந்தாம் வரி வந்ததும் முதல் வரி மேலேறி மறைந்தது; மறைந்ததை மீட்க அம்முனையத்தில் நினைவகம் இருக்கவில்லை.

இவ்விழப்பைப் பெருங்கணனி உலகம் உணர்ந்திருந்தது. திரைக் கொன்சோல்களை ஏற்ற ஐ.பி.எம்., அவற்றுக்கு வரும் செய்திகளைத் தனியே பதியும் ‘வன்பிரதிப் பதிவு’ என்னும் ஏற்பாட்டையும் உடன் வைத்தது. காகிதம் போய்க் கோப்பே எஞ்சியபின்னும் அப்பெயர் நீங்கவில்லை. யுனிக்ஸ் உலகிலும் 1980களில் எரிக் ஓல்மன் ஆக்கிய ‘சிஸ்லொக்’ வழியாகச் செய்திகள் கோப்புக்களிற் சேர்ந்தன. ஆனால் அக்கோப்பு பெரும்பாலும் அதே கணனியின் வட்டிலேயே இருந்தது. நோயாளி தன் மரணக் குறிப்பைத் தானே எழுதிவைக்க வேண்டிய நிலை இது எனலாம். வட்டே பழுதுற்றால் அப்பழுதை எழுதுவதற்கும் இடமில்லை.

1991இல் லினஸ் ரோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் தொடங்கிய லினக்ஸ், காகிதச் சுருளின் ஒரு பகுதியையேனும் மீட்டளித்தது. ஷிப்ட் விசையோடு பேஜ்-அப் விசையை அழுத்தினால், மேலே மறைந்த வரிகள் திரைக்குத் திரும்பின. கணனி தொடங்கும்போது பாதியில் நின்றுவிட்டால், முதற்பிழை எங்கே தோன்றியதெனத் தேட இவ்வசதி உதவியது. கரு முற்றாக நிலைகுலைந்தால் விசைப்பலகையே இயங்காது என்பதும் உண்மையே. அந்நிலையில் காகிதத்துக்கு ஈடாக இது நிற்கவில்லை.

2020 செப்ரெம்பரில் ரோர்வால்ட்ஸ் இவ்வசதிக்கான மென்பொருட் பகுதிகளைக் கருவிலிருந்து நீக்கினார். அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளியான 5.9ஆம் பதிப்பில் அவை இல்லை. நினைவகத்தின் எல்லைக்கு அப்பாற் செல்லும் பாதுகாப்புப் பிழைகள் அவற்றிற் காணப்பட்டிருந்தன. அவற்றைப் பராமரிக்கவும் ஒருவர் இருக்கவில்லை. கொன்சோலே முதன்மையான பயன்பாட்டு வாயிலாக இருந்த காலம் கடந்துவிட்டது, இதனை இப்போது எவரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை என்பது அவர் தந்த விளக்கம். பயன்படுத்துவோர் இருப்பின், பராமரிக்க ஒருவர் முன்வந்தால் மீளச் சேர்க்கலாம் என்றும் அவர் குறித்தார்.

பிழைமலிந்த, பொறுப்பாளரற்ற பகுதியைக் கருவில் வைத்திருப்பது ஆபத்தானது. ஆதலின் இம்முடிவை அலட்சியமெனக் கூறுவது பொருந்தாது. ஆயினும் ‘எவரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை’ என்னும் வாதம் மௌனத்தைச் சான்றாகக் கொள்வது. இடர்வேளையில் மட்டும் தேவைப்படும் ஒரு வசதி நாளாந்தப் பயன்பாட்டில் தடயம் விடுவதில்லை. அதனை நாடுவோரோ சேவையகத்தின் முன் நள்ளிரவில் நிற்கும் பராமரிப்பாளர்கள். கருவை எழுதுவோரின் விவாதங்களில் அவர்களுட் பலரின் குரல் ஒலிப்பதில்லை. ஒரு வசதியின் தேவையை அளப்பவரும் அதனால் வாழ்பவரும் வெவ்வேறானவராய் இருப்பது கணனித்துறைக்கு மட்டும் உரிய சிக்கலன்று.

மாற்றுவழிகள் இல்லாமலில்லை. கருவின் செய்திகளை ‘டிமெசெஜ்’ என்னும் கட்டளையால் மீளப் பார்க்கலாம். 1987இல் தோன்றிய ‘ஸ்கிறீன்’ என்னும் மென்பொருள் மறைந்த வரிகளைத் தானே பேணுகின்றது. ஆனால் இவை கணனி கட்டளையை ஏற்கும் நிலையில் இருந்தாலே பயன்படும். வசதிமிக்க நிறுவனங்கள் தொடர்நிலைக் கம்பியொன்றால் கொன்சோலை வேறொரு கணனியுடன் இணைத்து, வரும் வரிகள் அனைத்தையும் அங்கே பதிந்து வைக்கின்றன. ரெலிரைப்பின் காகிதம் செய்த வேலையை அங்கு இரண்டாவது கணனி செய்கின்றது. இரண்டாவது கணனிக்கு வழியில்லாத இடங்களில், திரையிற் கடைசியாக நின்ற வரிகளைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து, விடயம் அறிந்த ஒருவருக்கு அனுப்புகின்றனர். முதற்பிழை அப்படத்துக்கு மேலே எங்கோ போய்விட்டிருக்கும்.